ஆண்டுக்கு ஒரு யானை

புதுக்கோட்டை சமஸ்தானம் ஆங்கிலேயருக்குச் செலுத்த வேண்டிய கப்பம் ஆண்டுக்கு ஒரு யானை. கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சுற்றிய நிலங்களையும் புதுக்கோட்டை மன்னரான தொண்டைமானுக்குக் கொடுத்தது. லண்டனில் இருந்த இயக்குநர்கள் 1806இல் அதற்கு ஒப்புதல் தந்தபோது போட்ட நிபந்தனை இது. ஆனால் அந்த யானையை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1836இல் நிபந்தனையையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். தஞ்சையும் ஆற்காடும் கைமாறி, பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கிய காலத்தில், 1,178 சதுர மைல் மட்டுமே கொண்ட இந்த வானம் பார்த்த சீமைக்கு இத்தனை சலுகை ஏன்?

கம்பெனி பட்ட நன்றிக்கடன்தான் காரணம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிக்கு மைத்துனரான ரகுநாதராயத் தொண்டைமான் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய அரசு இது. 1750களில் பிரெஞ்சுக்காரரும், ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குள் இருந்த ஆங்கிலப் படை தொண்டைமான் நாட்டிலிருந்து வந்த தானியத்தையும் கால்நடையையும் நம்பித்தான் காலம் தள்ளியது. ஹைதர் அலியோடு மூண்ட போர்களிலும் தொண்டைமான் கம்பெனி பக்கமே நின்றார்.

பிறகு 1799. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் பிடிபட்டு, கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தொண்டைமான் செய்தது துரோகமா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அவர் கட்டபொம்மனுக்கு வாக்குக் கொடுத்தவர் அல்லர், கம்பெனிக்குக் கொடுத்தவர். ஆகவே துரோகம் என்பது பொருந்தாது என்பேன். அதற்காக அதை வீரம் என்றும் எழுதிவிட முடியாது. சமஸ்தானம் பிழைத்தது அந்த விலையில்தான்.

பிழைத்த அரசுக்கு என்ன மிஞ்சியது? பீரங்கிக் குண்டு மரியாதையும் சொந்தக் காசும். ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்து. இதுதான் அம்மன் காசு. இருபது சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரியில் அரிசி தானத்தோடு இதையும் கொடுத்து வந்தார்கள். கடைசிக் காலத்தில் அம்மனை இங்கிலாந்தில் அச்சடித்துக் கப்பலில் வரவழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆட்சி கைநழுவியது சத்தமில்லாமல். மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமான் கடனில் மூழ்க, 1859இல் அவருடைய பட்டப்பெயரைப் பறித்துத் தண்டித்தது ஆங்கில அரசு. 1878இல் திவானாக வந்தார் சேஷையா சாஸ்திரி, திருவாங்கூரில் பெயரெடுத்தவர். நேர்கோட்டில் ஓடும் அகலமான வீதிகளும் புதுக்குளமும் அவர் காலத்து நகரத்தின் மிச்சம். 1888இன் இனாம் செட்டில்மென்ட் இன்னும் ஆழமாக வெட்டியது. கோயிலுக்கும் படைவீரனுக்கும் ஊர்க்காவலனுக்கும் மன்னர் மானியமாக விட்டிருந்த நிலங்கள் வரி கட்டும் நிலங்களாயின. நிலத்தைக் கொடுத்துக் குடிகளைத் தன்னோடு கட்டிவைத்திருந்த அரசனிடம் இனிக் கொடுக்க என்ன இருந்தது? நிர்வாகம் சீரானது, அரசன் அலங்காரமானான்.

அதன் முழு அர்த்தம் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானுக்குத்தான் விளங்கியது. 1886இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர். நல்ல காரியங்களும் செய்தார்: தேவதாசி மரபுத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமியை 1904இல் ஆண்கள் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது, சேர்க்கச் சொன்னவர் அவர்தான். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனவர் அந்த மாணவி.

1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார் மன்னர். ஆங்கில அரசு அவளை மகாராணியாக ஏற்கவில்லை. புதுக்கோட்டைக்கு அழைத்து வந்தார். கர்ப்பிணியாக இருந்தவள் நோயில் விழுந்தாள். அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்கள். 1916இல் சிட்னியில் மகன் பிறந்தான். பிள்ளைக்குப் பட்டத்துரிமை இல்லை என்றது அரசு. மன்னர் ஆட்சிப் பொறுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குதிரைப் பந்தயமும் ஐரோப்பாவுமாகக் காலம் கழித்தார். 1928 மே மாதம் பாரிஸில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. லண்டனில் தகனம் செய்தார்கள். ஒன்றேமுக்கால் நூற்றாண்டு விசுவாசத்துக்குச் சொந்த மண்ணில் ஒரு சிதைகூடக் கிடைக்கவில்லை.

அடுத்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைப் பட்டத்தில் அமர்த்தினார்கள். 1944 வரை அவர் பெயரில் மற்றவர்கள் ஆண்டார்கள். அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரி அவர்களில் முக்கியமானவர். மன்னர் கைக்கு அதிகாரம் வந்து சுமார் நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மன்னரின் அரண்மனையில் இப்போது ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது.