பேட்டரிக்குள் இருக்கும் தூள்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் நெடுஞ்சாலையைப் பாருங்கள். பஸ், லாரி, ஜீப் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கனமான பெட்டி இருக்கிறது. அதுதான் பேட்டரி. கரண்டு போனால் விளக்கை எரிக்கும் இன்வெர்ட்டரிலும் பெரும்பாலும் இதே வகைப் பேட்டரிதான். இதற்கு ஏன் இவ்வளவு கனம்? உள்ளே இருப்பது காரீயம்.

காரீயம் எது?

'ஈயம்' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம். மீன் வலை தாழ்வதற்காக அடியில் கட்டும் குண்டு காரீயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். அதே அளவு காரீயம் 11 கிலோவுக்கு மேல் இருக்கும். 327 டிகிரி சூட்டில் அது உருகிவிடும். விறகு அடுப்பே போதும்.

தூள் எப்படி வருகிறது?

இரும்பு ஈரத்தில் கிடந்தால் துருப்பிடிக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் இரும்போடு சேர்கிறது. அதுதான் துரு. காரீயத்தை உருக்கிக் காற்றுப் படவிட்டால் அதுவும் ஆக்சிஜனோடு சேரும். அப்போது தூள் உண்டாகும். இதற்குக் காரீய ஆக்சைடு என்று பெயர்.

இது மூன்று நிறங்களில் கிடைக்கிறது.

மஞ்சள் தூள்: சித்த மருத்துவத்தில் மிருதார்சிங்கி என்பது இதுதான். கண்ணாடி செய்யும்போது இதைச் சேர்த்தால் கண்ணாடி கனமாகும், பளபளக்கும். எக்ஸ்ரே அறையின் ஜன்னலில் இத்தகைய கண்ணாடியைப் பொருத்துவார்கள். அது எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். பீங்கான் மேல் மெருகு ஏற்றவும் இந்தத் தூள் பயன்பட்டது.

சிவப்புத் தூள்: மஞ்சள் தூளைக் காற்றுப் பட சுமார் 450 டிகிரி சூட்டில் வறுத்தால் சிவப்பாகிவிடும். எண்ணெயில் குழைத்து இரும்புப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூசினார்கள். துருப்பிடிக்காமல் காத்தது.

பழுப்புத் தூள்: பேட்டரியின் ஒரு தகட்டில் இருப்பது இது.

பேட்டரி வேலை செய்வது எப்படி?

உலகில் எடுக்கும் காரீயத்தில் பெரும்பகுதி பேட்டரிக்கே போகிறது. ஆலையில் ஆக்சைடுத் தூளைப் பசைபோலக் குழைக்கிறார்கள். காரீயச் சட்டங்களில் அப்பி உலர்த்துகிறார்கள். பிறகு ஆசிட்டில் வைத்து மின்சாரம் செலுத்துகிறார்கள். ஒரு தகடு பழுப்பு ஆக்சைடாகிறது. மற்றது சாம்பல் நிறக் காரீயமாகிறது. விளக்கைப் போட்டதும் இரண்டும் ஆசிட்டோடு சேர்ந்து மாறுகின்றன. அப்போது மின்சாரம் வருகிறது. சார்ஜ் ஏற்றினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12 வோல்ட்.

இந்தப் பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாந்தே கண்டுபிடித்தார்.

பெட்டிக்குள் உதவி, வெளியே நஞ்சு

மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரை இந்தத் தூள் நமக்கு உதவுகிறது. வெளியே வந்து பறந்தால் நஞ்சு. மூச்சிலும் சோற்றிலும் கலந்து உடலுக்குள் போகும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். இரத்தம் குறையும். வயிறு வலிக்கும். சிறுநீரகம் கெடும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும், படிப்பு ஏறாது. இந்த அளவுவரை ஆபத்து இல்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு. அங்கே தியாரோய் என்ற ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்தார்கள். தூள் மண்ணில் படிந்தது. காரீயத் துண்டுக்காக மக்கள் அந்த மண்ணைச் சலித்தார்கள். வீட்டு முற்றமெல்லாம் தூள் பரவியது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அவர்கள் தூள் படிந்த இடத்தில் வாழ்ந்தவர்கள். மண்ணில் விளையாடியவர்கள்.

பெயின்டிலும் எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. இது 2016-இல் இந்திய அரசு கொண்டுவந்த விதி. வெள்ளை நிறத்துக்குக் காரீயம் தேவையே இல்லை. டைட்டானியத் தூள் போதும். அதைச் செய்ய 1946-இல் தொடங்கிய ஆலை நம் திருவனந்தபுரம் கொச்சுவேளியிலேயே இருக்கிறது. நம் கடற்கரைக் கருமணலே அதற்கு மூலப்பொருள்.

நாம் செய்ய வேண்டியவை

பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். அடுப்பில் காரீயம் உருக்காதீர்கள்.

புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். விலையிலும் கழிப்பார்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

பேட்டரிக் கடையிலோ ஆக்ரிக் கடையிலோ வேலை செய்கிறீர்களா? சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உடை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். டாக்டரிடம் போனால் உங்கள் வேலை என்ன என்று சொல்லுங்கள்.

தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. வெள்ளீயம், காரீயம்: வேறுபாடு என்ன?
2. உங்கள் ஊரில் பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன?
3. அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்களா?