சலவை நோட்டைச் சலவை செய்யலாமா?

மடிப்புப் படாத புத்தம் புதிய ரூபாய்த் தாளைச் 'சலவை நோட்டு' என்கிறோம். அந்தப் பெயரை நம்பி நான் ஏமாந்தேன்.

என் பாட்டனாரின் பெட்டியில் ஓர் ஐந்து ரூபாய் நோட்டு கிடைத்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவமும் ரிசர்வ் வங்கி கவர்னர் ஜே. பி. டெய்லரின் கையொப்பமும் கொண்டது. 1938 ஜனவரியில் ரிசர்வ் வங்கி முதன்முதலாக வெளியிட்டது இந்த வகை நோட்டைத்தான். நான்காக மடிந்து, அழுக்கேறிக் கிடந்த அதைச் சோப்புத்தூள் கரைத்த நீரில் அலசி, உலர்த்தி, இஸ்திரியும் போட்டேன். பிறகு, பழைய நோட்டுகளைச் சேகரிக்கும் நண்பரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச் விளக்கைத் தாளோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தார். "நாலு மடிப்பு. அலசி வேறு இருக்கிறீர்களே, சார்!" என்றார்.

இயற்பியல் ஆசிரியனான நான் தலைகுனிந்தேன். அவர் கையாண்டது என் பாடம் அல்லவா?

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளை மடித்து, பிரித்து, நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மடிப்பு மறைந்ததுபோல் இருக்கும். ஆனாலும் 0.05 மில்லிமீட்டர் மேடு எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். ஒளி 45 பாகையில் விழுந்தால் நிழலின் நீளமும் 0.05 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. 5 பாகையில் விழுந்தால்? உயரத்தை அக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுங்கள். அரை மில்லிமீட்டருக்கும் மேல் வரும்!

மடிப்பு ஏன் முழுவதும் போவதில்லை? நோட்டுத் தாள் பருத்தி இழைகளின் பின்னல். இழைகளில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைத்து வைத்திருக்கின்றன. மடிக்கும்போது வெளிப்பக்க இழைகள் மீள்தன்மை எல்லையைத் தாண்டி இழுபடுகின்றன. சில அறுந்தே போகின்றன. இஸ்திரிப்பெட்டி மேட்டை அமுக்கும், அறுந்ததை ஒட்டாது. நீரோ இழைகளை ஊதவைத்து, தாளுக்கு விறைப்புத் தரும் பசையையும் கரைத்துவிடும். சலவை நோட்டின் 'சரக் சரக்' ஓசை அத்தோடு போயிற்று.

சேகரிப்போர் நோட்டின் நிலையை 70 வரை எண்ணிட்டு மதிப்பிடுகிறார்கள். 1949-இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் நாணயங்களுக்கு வகுத்த அளவுகோல் இது. புழங்காத நோட்டு 60-க்கு மேல். 'ஃபைன்' என்றால் சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு 12 அல்லது 15தான்!

பழமை மட்டும் விலையைத் தராது. எத்தனை நோட்டுகள் தப்பிப் பிழைத்தன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே முக்கியம். 1940-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நோட்டு இன்றும் பல வீடுகளில் கிடைக்கும். 1938-இல் வந்த ஆயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகளோ 1946 ஜனவரியில் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கையில் வைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ள ஓடினார்கள். ஆகவே எஞ்சியவை மிகச் சில. அத்தகைய நோட்டு மடிந்திருந்தாலும் விலை பெறும். எளிதில் கிடைக்கும் நோட்டோ மடிப்பில்லாமல் இருந்தால்தான் பெறும்.

உங்கள் வீட்டில் பழைய நோட்டு இருந்தால் அழுக்கோடு அப்படியே விடுங்கள். செல்லோடேப் ஒட்டவோ லாமினேஷன் செய்யவோ வேண்டாம். பி.வி.சி. உறையும் ஆகாது, நாளடைவில் அதிலிருந்து அமிலம் கசிந்து தாளை அரிக்கும். பாலியெஸ்டர் உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் மடிக்காமல் வையுங்கள்.

நான் அலசியதை நண்பர் எப்படி அறிந்தார்? புற ஊதா விளக்கால்தான். நோட்டுத் தாள் அவ்விளக்கின் கீழ் மங்கலாகவே இருக்கும். சோப்புத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருளோ புற ஊதாக் கதிரை உட்கொண்டு நீல ஒளியை உமிழும். என் ஐந்து ரூபாய் பளீரென்று நீலமாக ஒளிர்ந்ததாம்! ஒளிர்தல் பாடம் நடத்தும் நாளில் அதைத்தான் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.