மழை பெய்தால் லோரி ஏன் அடம் பிடிக்கிறது?



விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு ஆள் வந்து நிற்கிறது. முந்திய இரவு நல்ல மழை. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். லோரி இருமுகிறது, கனைக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது. பத்துப் பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. வெயில் ஏறினால் மரத்தில் பால் குறையும். இதில் நட்டம் யாருக்கு? வெட்டுக்கும் எடைக்கும் கூலி வாங்கும் நமக்குத்தான். திட்டு யாருக்கு? டிரைவருக்கு!

இன்று ஓடும் லோரிகள் பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆனால் பழைய பெட்ரோல் பெட்ஃபோர்ட் லோரியையும், 1948 முதல் 1985 வரை வெளிவந்த லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளையும் இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்த வண்டிகள் அடம் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் டிஸ்டிரிபியூட்டர்.

அது செய்யும் வேலை என்ன?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது பிளக்கில் பொறி கொடுக்கப் போதாது. உள்ளே இருக்கும் பாயிண்ட் மூடித் திறக்கும்போது, காயில் அந்த 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடுகிறது. நடுவில் சுற்றும் ரோட்டர் அதை வாங்கி, மூடியின் வழியாக எந்த பிளக்குக்கு முறையோ அதற்குப் பங்கு போடுகிறது. ரேஷன் பங்கு போடுவது மாதிரிதான். முறை தப்பினால் சண்டை!

6 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், பாயிண்ட் நிமிடத்துக்கு 9,000 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு வினாடிக்கு 150 தடவை! தேயாமல் என்ன செய்யும்?

பாயிண்ட்

5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பாருங்கள். 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. செம்மண் தூசியிலும் மலைப் பாதையிலும் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னாலேயே தேவைப்படலாம். பாயிண்டின் முகம் சாம்பல் நிறத்தில் மட்டமாக இருந்தால் பயமில்லை. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்று இருந்தால் அரம் போட்டு ராவிக்கொண்டு இருக்காதீர்கள், மாற்றுங்கள். லூக்காஸ் பாயிண்ட் பலவற்றுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் புத்தகம் வேறு அளவு சொன்னால் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும்.

பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக விழும். வண்டி மலை ஏறத் திணறும், பெட்ரோல் குடிக்கும், சூடேறும். ஆகவே புதுப் பாயிண்ட் போட்டால் முதலில் இடைவெளி, பிறகு டைமிங். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பாயிண்டைத் திறக்கும் கேம் மேல் நெல்மணி அளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் அது பாயிண்டில் தெறித்துக் கருக்கிவிடும்.

கண்டன்சர்

பாயிண்ட் திறக்கும்போது அங்கே நெருப்பு பறக்காமல் காப்பது இந்தச் சின்ன டப்பாதான். புதுப் பாயிண்ட் போட்டுச் சில நாளிலேயே நீலம் பூத்துக் கருகினால் கண்டன்சர் மேல் சந்தேகப்படுங்கள். வண்டி சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிறதா? கண்டன்சரையும் காயிலையும் சோதியுங்கள். பாயிண்ட் மாற்றும்போது கண்டன்சரையும் மாற்றுவது வழக்கம். ஆனால் புதுசு எல்லாமே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மட்டமான சரக்கு கடையில் நிறைய உண்டு. நன்றாக ஓடிய பழையதைத் துடைத்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் கைகொடுக்கும்.

மூடியும் ரோட்டரும்

மழையில் அடம் பிடிப்பதற்கு இங்கேதான் காரணம் கிடைக்கும். மூடியின் உள்ளே ஈரம் இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். துடைத்தும் தீரவில்லையா? வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது மின்சாரம் திருட்டு வழியில் போன பாதை. அந்த மூடியைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். நடுவில் இருக்கும் கரித்துண்டு தேய்ந்திருந்தாலும், உள்ளே இருக்கும் முனைகள் கருகியிருந்தாலும், ரோட்டரில் வெடிப்பு இருந்தாலும் அப்படியே. மூடியையும் ரோட்டரையும் ஜோடியாக மாற்றுங்கள்.

மூடி மாற்றும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பிளக் வயரை எல்லாம் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். பழைய மூடியிலிருந்து புது மூடிக்கு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முறை தெரிய வேண்டுமென்றால், லேண்ட் ரோவரின் 4 சிலிண்டருக்கு 1-3-4-2. வரிசையாக நிற்கும் 6 சிலிண்டர் இன்ஜின் பலவற்றுக்கு 1-5-3-6-2-4.

பிளக் வயர் பழசானால், இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். நீலப் பொறி வயரின் மேல் ஓடுவது தெரியும். கை வைக்காதீர்கள், தூக்கிப் போடும்!

எதை மாற்றியும் தீராவிட்டால்?

ரோட்டரைக் கழற்றி, நடுத்தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். எத்தனை புதுப் பாயிண்ட் போட்டாலும் காசுதான் கரியாகும். டிஸ்டிரிபியூட்டரையே கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் செட் போடுகிறவர்களும் உண்டு. அதிலும் மூடியும் ரோட்டரும் தேயத்தான் செய்யும்.

இது மெக்கானிக் விஷயம் மட்டும்தானா?

இல்லை. இறக்கத்தில் இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்? வேக்குவம் உதவியோடு பிடிக்கும் பிரேக் என்றால், அந்த உதவி இரண்டு மூன்று மிதிக்கு மேல் வராது. பிறகு பிரேக் கல்லாகிவிடும். பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பது நம் ஆட்கள்.

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரங்களை ஆபத்தில்லாத நிலையில் பராமரிக்கும் பொறுப்பை முதலாளி மேல் வைத்திருக்கிறது. லோரி கெட்டுப்போனதற்கு டிரைவர் சம்பளத்தில் கை வைக்கலாமா? தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், தான் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க விடாது.

டிரைவர் தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் உங்களைக் காப்பாற்றும். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தச் சாமானை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். எந்தத் தேதியில் புதுச் சாமான் கேட்டீர்கள், ஆபீஸில் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்டு எழுதினதை எந்த விசாரணையிலும் மேசை மேல் வைக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.