வயிற்றுப் பொருமலும் கொட்டை வகைகளும்

உண்டபின் வயிறு பொருமுகின்றதென்று கொட்டை வகை யாவற்றையும் விலக்கிவிடுவோர் உளர். அத்துணைக் கடுநோன்பு வேண்டுவதில்லை, நேயர்களே.

கசுக்கொட்டையிலும் பிஸ்தாவிலும் உள்ள சிலவகைச் சர்க்கரைத் தொடர்களை அறுக்கும் நொதியம் மனிதர் குடலில் இல்லை. அவை செரியாது பெருங்குடலை அடைய, ஆங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றைப் புளிக்கச் செய்கின்றன, வாயு பிறக்கின்றது. கூருணர்வுடைய குடலுக்கு அதுவே வலி.

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த 'ஃபொட்மாப்' குறைந்த உணவுமுறையில், ஒரு பிடி கச்சானுக்குத் தடையில்லை. வாதுமைப் பருப்பு 10 பொருந்தும், 20 பொருந்தாது. கலியாண வீட்டுக் கசுக்கொட்டையை விடுவதே சிலருக்குக் கடினம்! உள்ளி சேர்த்து வறுத்த கச்சானையும் விடுக. உள்ளியிலும் இவ்வினச் சர்க்கரை உண்டு.

இவ்விலக்கு ஆயுட்காலத்துக்கன்று. 2 முதல் 6 வாரங்களின் பின், மருத்துவர் துணையுடன், விலக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சிறிதளவு உண்டு பார்த்தல் வேண்டும்.