மிளகு ஊரில் ஒரு வீடியோ கேசட்

ஆண்டன் கராஸ் வியன்னாவின் ஒயின் விடுதிகளில் ஸிதர் வாசித்துப் பிழைத்தவர். கரோல் ரீட் இயக்கிய 'தி தேர்ட் மேன்' படத்தின் இசை முழுவதும் அவர் ஒருவராக அந்த ஒற்றைக் கருவியில் மீட்டியது. படம் தொடங்கும்போது திரையில் ஸிதரின் கம்பிகள்தான் தெரியும். பெயர்கள் ஓட ஓட அவை அதிர்ந்துகொண்டே இருக்கும். 1949-இல் லண்டன் தியேட்டரில் கேட்டவர்களுக்கு அவை ஒரு சுருதியில் ஒலித்தன. கொச்சியில் வீடியோ கேசட்டில் கேட்டால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும்.

காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதை ஒட்டி அமைந்த பிஏஎல் முறை டிவி வினாடிக்கு 25 பிரேம் காட்டும். சினிமா பிலிமோ வினாடிக்கு 24 பிரேம் ஓடுவது. வினாடிக்கு ஒரு பிரேம் இடிக்கிறது. ஐரோப்பியப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி எளியது: பிலிமைக் கொஞ்சம் வேகமாக, 25 பிரேமில் ஓட்டிப் பதிவு செய்துவிடுவது. நான்கு சதவீத வேகம் கூடுவதைக் கண் கண்டுபிடிக்காது. ஆனால் 104 நிமிடப் படம் 100 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் இசையும் முக்கால் ஸ்வரஸ்தானம் அளவுக்கு மேலேறும். 60 சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்காவில் சில பிரேம்களை நீட்டிப் பிடித்துச் சமாளித்தார்கள்; அங்கே சுருதி பிசகவில்லை.

நான் அந்தப் படத்தைக் கேசட்டில் பார்த்தது கொச்சியின் மட்டாஞ்சேரியில், நண்பர் வீட்டு மாடியில். பஜார் ரோட்டை ஒட்டிய வீடு. கீழே சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு. மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அந்த நெடி மரப்படி ஏறி மேலே வந்துவிடும். 80-களில் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய கேரளக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே நண்பரின் அப்பாவும் ஒரு வீடியோ டெக்கும் பெட்டி நிறையக் கேசட்டும் கொண்டுவந்திருந்தார். டெக் இன்னும் ஓடுகிறது. தமிழ் பேசும் பழைய மெக்கானிக் ஒருவர் அதை உயிரோடு வைத்திருக்கிறார்.

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் டிவியில் கேசட்டிலிருந்து பார்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கலர் குமிழை முழுக்கக் குறைப்பது. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சத் தகவல் உயர்ந்த அதிர்வெண்ணிலும் வண்ணத் தகவல் தனியாகத் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் பதிவாகின்றன. படத்தில் வண்ணமே இல்லாவிட்டாலும் வண்ணச் சுற்று சும்மா இருக்காது. தன் சொந்த இரைச்சலையே சிவப்பும் நீலமுமாக இருட்டுப் பகுதிகளில் தூவும். குமிழைக் குறைத்ததும் அந்தப் பொடி மறைந்து, ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கர் எடுத்த கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

இந்தப் படத்துக்குக் கறுப்பே உயிர். கதையின் வில்லன் ஹாரி லைம் முதல்முறை தோன்றும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இருண்ட வாசலில் ஒரு பூனை, ஒரு ஜோடி காலணி. எதிர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது; முகம் தெரிகிறது. அதுவரை அந்த வாசல் முழு இருட்டாக இருந்தாக வேண்டும். டிவியின் வெளிச்சத்தை ஏற்றி வைத்தால் கறுப்பு சாம்பலாகி, அதில் புள்ளிகள் ஊர ஆரம்பிக்கும்.

தெருக்களோ ஈரம். 1948-இல் வியன்னாவில் படப்பிடிப்பு நடந்தபோது இரவுக் காட்சிகளுக்காகக் கற்கள் பாவிய தெருக்களில் தண்ணீர் பீய்ச்சி நனைத்தார்கள். காய்ந்த கல்லின் பரப்பு சொரசொரப்பானது. விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் மங்கிய சாம்பலாகத் தெரியும். தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பி மேலே வழவழப்பான படலமாகிறது. படலத்தில் பட்ட ஒளியில் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டதுபோல ஒரே திசையில் திரும்பும். உள்ளே புகுந்த ஒளியோ கல்லுக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே மறுபடி மறுபடி மோதி, வெளியே வரும் முன் பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் ஒரே கல் விளக்கின் திசையில் பளிச்சென்றும் மற்றத் திசைகளில் கன்னங்கரேலென்றும் தெரிகிறது. கிராஸ்கருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த இரவுகளில் பாதி இந்த நீர்ப்படலத்தின் வேலை. மட்டாஞ்சேரியில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பெய்த இரவில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இதே காட்சி கிடைக்கும்.

ஆனால் தெருவுக்கு அழகு தரும் ஈரம் நாடாவைக் கொல்கிறது. அது எப்படி என்று தெரிய டெக்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக உருளை ஒன்று சற்றே சாய்ந்து நிற்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று. அதன் விளிம்பில் எதிரெதிராகக் கடுகைவிடச் சிறிய காந்தத் தலைகள். நாடா வினாடிக்கு இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக, நத்தை போல நகர்கிறது. ஆனால் உருளை சுழல்வதால் தலை நாடாவின் மேல் வினாடிக்கு ஏறக்குறைய 4.85 மீட்டர் வேகத்தில் உரசிச் செல்கிறது. ஒவ்வொரு உரசலும் நாடாவின் குறுக்கே சாய்வான ஒரு தடம். தடத்தின் அகலம் 49 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் இப்படிச் சாய்தடங்கள் நெருக்கி எழுதிய 250 மீட்டர் நாடா சுருண்டு கிடக்கிறது.

படத்தின் பளிச்சென்ற வெள்ளை இந்தத் தடத்தில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அலைநீளத்தில் எழுதப்பட்டிருக்கும். காந்தப் பதிவுக்கு ஒரு கடுமையான விதி உண்டு. தலை நாடாவை விட்டு ஓர் அலைநீளத் தூரம் விலகினால் சமிக்ஞை 55 டெசிபல் விழும். அதாவது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. இங்கே ஓர் அலைநீளம் என்பது ஒரு மைக்ரான். பூசண வித்து ஒன்றின் விட்டம் 2 முதல் 5 மைக்ரான். ஒரே ஒரு வித்து தலைக்கும் நாடாவுக்கும் நடுவே சிக்கினால் அந்த இடத்தில் படம் இல்லை.

வித்து முளைத்து ஒரு மில்லிமீட்டர் அகல வெண்புள்ளியாகப் படர்ந்துவிட்டால் என்ன ஆகும்? டிவி திரையின் ஒவ்வொரு கோடும் தடத்தில் 0.3 மில்லிமீட்டர் இடம் பிடிக்கிறது. ஆக ஒரு தடத்தில் மூன்று கோடுகள் போகும். அந்தப் புள்ளி குறுக்கே இருபது தடங்களை மறைக்கும். கண்ணுக்குத் தெரிவது, அரை வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் திரையில் மின்னி மறையும் வெள்ளைக் கீற்று. நல்ல டெக் அந்த ஓட்டையை முந்தைய கோட்டின் நகலால் அடைத்துவிடும். நாடாவின் விளிம்பு முழுக்கப் பூத்திருந்தால் எந்த டெக்கும் அடைக்க முடியாது.

மட்டாஞ்சேரிக் கேசட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சிறிய பிளாஸ்டிக் கண்ணாடி வழியாகத் தெரிந்த நாடாச் சுருளின் ஓரத்தில், வட்டத்தின் கால் பங்குக்கு, மாவு தூவியதுபோல வெள்ளை. மெக்கானிக்கிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" அவர் கேசட்டை வாங்கித் தனியாக ஒரு பாலித்தீன் பையில் போட்டார். "பூசணம் பூத்ததை உள்ள விட்டா ஹெட்டுல ஒட்டிக்கும் சார். அப்புறம் அந்த டெக்குல எந்தக் கேசட்டைப் போட்டாலும் அதுக்கும் பூக்கும்." நாங்கள் பார்த்தது நண்பரின் மாமா வீட்டிலிருந்த இன்னொரு பிரதியை.

காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூசணம் முளைக்கத் தொடங்கும். கொச்சியில் மழைக்காலம் முழுக்க அது 80-க்கு மேலேயே நிற்கும். இரும்பு ஆக்சைடுத் துகள்களை நாடாவோடு பிடித்துவைக்கும் பாலியூரிதேன் பசை, தலை வழுக்கிச் செல்லப் போட்ட எண்ணெய், விரல் பட்ட பிசுக்கு, தூசி எல்லாமே பூசணத்துக்குச் சாப்பாடு. பூசணம் வராவிட்டாலும் ஈரம் சும்மா விடாது. நீர் மூலக்கூறு பசையின் பிணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி அதைப் பிசுபிசுக்க வைக்கும்.

இப்படி நாடாவில் பூக்கும் பூசணங்களில் அடிக்கடி அகப்படுபவை இரண்டு குலங்கள்: அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம். இரண்டாவது பெயரைக் கேட்டதும் படம் பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'தி தேர்ட் மேன்' கதையே பென்சிலின் திருட்டுதான். போர் முடிந்து நான்கு வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட வியன்னாவில், ராணுவ மருத்துவமனைகளிலிருந்து பென்சிலினைத் திருடி, தண்ணீர் கலந்து, கள்ளச் சந்தையில் விற்கிறான் ஹாரி லைம். மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகள் அந்த மருந்தால் சிதைகிறார்கள். கிரகாம் கிரீன் எழுதிய இந்தக் குற்றத்தின் கொடுமையை மருத்துவம் தெரிந்தவர்களே முழுதாக உணர்வார்கள். குறைந்த அளவுப் பென்சிலின் கிருமியைக் கொல்லாது. பொன்னான முதல் நாட்களை வீணாக்கும், தப்பிய கிருமிகளை எதிர்த்து நிற்கவும் பழக்கும். 1928-இல் லண்டனில் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், ஃப்ளோரியோடும் செயினோடும் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதையே எச்சரித்தார். படம் வெளியானபோது நம் நாட்டில் பென்சிலின் ஆலையே கிடையாது. புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது 1954-இல்.

ஈரத்துக்கும் பூசணத்துக்கும் உள்ள உறவை மட்டாஞ்சேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் சாக்குக்குள்ளேயே அஸ்பெர்ஜில்லஸ் பூக்கும். அதன் சில இனங்கள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும். அதனால் இங்குள்ள வியாபாரி மிளகைக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மழை நின்ற நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுகிறார். மாடியில் இருக்கும் கேசட்டுக்கும் அதே கவனிப்புதான் தேவை. மாடியில் யாரும் அதைச் செய்வதில்லை.

'தி தேர்ட் மேன்' படத்துக்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அசல் நெகட்டிவிலிருந்து எடுத்த மாஸ்டர் பிரதியைக் கொண்டு 2015-இல் 4கே தரத்தில் புதுப்பித்துவிட்டார்கள். இயக்குநர் அரவிந்தனின் கறுப்பு வெள்ளைப் படமான 'தம்பு'வுக்கு அந்த வசதி இல்லை. 1978-இல் கேரளத்தில் எடுத்த அந்தப் படத்தின் அசல் நெகட்டிவ் மிஞ்சவில்லை. புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைத்திருந்த பிரதியை அடிப்படையாக வைத்துத்தான் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டு 2022-இல் கான் விழாவில் காட்டியது. 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் திருவனந்தபுரத்துக்காரர். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு அப்படி ஒரு பிரதிகூட இல்லை.

நண்பர் வீட்டுப் பெட்டியில் அந்த ஆங்கிலப் படத்துக்குப் பக்கத்தில் வேறு கேசட்டுகள் இருந்தன. அக்கா கல்யாணம், வீடு பால் காய்ச்சியது, துபாயில் இருந்த அப்பா பார்க்கட்டும் என்று பாட்டியை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுத்தது. இவற்றுக்கு லண்டனில் மாஸ்டர் கிடையாது, புனேயில் பிரதி கிடையாது. உலகத்தில் இருப்பது இந்த ஒரே நாடா. அந்தக் கால்வட்ட வெள்ளை பாட்டியின் கேசட்டிலும் இருந்தது. எனக்கு இதுதான் பெரிய கவலை. டெக் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் இயந்திரங்கள் தேய்கின்றன, தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பூத்த கேசட்டுகளை முதலில் பிரித்துத் தனிப் பையில் வையுங்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள். பூசணப் பொடி மூச்சுக்கும் கெடுதல்; மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் சில வாரம் வைத்தால் பூசணம் காய்ந்து உறங்கிவிடும், பிறகு விவரம் தெரிந்தவர் துடைத்தெடுப்பது எளிது. நல்ல கேசட்டுகளை முழுக்கச் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைநாளில் ஏசி அறையிலிருந்து எடுத்து உடனே டெக்கில் போடக் கூடாது. குளிர்ந்த நாடாவில் நீர் படிந்து அது உருளையோடு ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கவே பல டெக்குகளில் ஈரம் உணரும் கருவி வைத்து, 'டியூ' என்ற விளக்கை எரியவிட்டு, ஓட மறுக்கும்படி செய்திருந்தார்கள்.

டிஜிட்டலுக்கு மாற்றும்போது சினிமா கேசட்டுகளைக் கடைசியில் வையுங்கள், குரலும் முகமும் உள்ளவற்றை முதலில் கொடுங்கள். மாற்றி முடித்த பிறகும் நாடாவைத் தூக்கிப் போட வேண்டாம். டெக்கின் பழைய சுற்றுகளை நம்பாமல், காந்தத் தலையிலிருந்து வரும் சமிக்ஞையை அப்படியே பிடித்துக் கணினியில் படமாக்கும் மென்பொருளை ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். சாதாரணமாக மாற்றியபோது கிடைக்காத விவரங்கள்கூட அதில் கிடைக்கின்றன. நண்பர் பாட்டியின் கேசட்டைக் காயவைத்திருக்கிறார். மழை ஓய்ந்ததும் அண்ணாச்சி அதைத் திறப்பார்.