வேகத்தை வென்ற மெல்லிய பந்து

டென்னிஸ் மட்டையைக் கையிலெடுக்கும் இளைஞர்க்கு முதலில் எழும் ஆசை, பந்தை ஓங்கி அடிக்க வேண்டும் என்பதே. எந்தப் பந்தை எவ்விடத்திற்கு எப்போது அனுப்புவது என்னும் சிந்தனை பின்னரே வருகிறது, பலருக்கு வருவதேயில்லை. அச்சிந்தனையின் ஆற்றலை உலகம் கண்கூடாகக் கண்ட நாள் ஒன்று உண்டு.

1975-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள். விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அமெரிக்கர் இருவர் எதிரெதிரே நின்றனர். முந்திய ஆண்டின் வெற்றி வீரர் ஜிம்மி கானர்ஸுக்கு வயது 22. அவ்வாண்டு இறுதியாட்டம் வரை ஒரு செட்டைக்கூட அவர் இழக்கவில்லை. ஆர்தர் ஆஷோ 32 வயதை எட்டிக்கொண்டிருந்தவர். கானர்ஸிடம் அதற்குமுன் ஒருமுறையும் வென்றறியாதவர். கானர்ஸே வெல்வார் என்று அனைவரும் எண்ணியதில் வியப்பில்லை.

கானர்ஸின் வலிமை யாது? எதிராளி தரும் வேகத்தையே வாங்கி, இன்னும் விரைவாகத் திருப்பித் தருவது. ஆஷின் இயல்பான ஆட்டமோ ஓங்கி அடிப்பது! நெருப்புக்கு நெய் வார்ப்பதை ஒக்கும் இது. ஆகவே ஆஷ் நண்பர்களுடன் கலந்தாலோசித்துத் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். கானர்ஸ் இடக்கையர், பேக்ஹேண்டை இரு கைகளாலும் ஆடுபவர், இரு கைகள் ஒரு கையளவு தொலைவுக்கு எட்டா. எனவே சர்வீஸைச் சீவி, அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் வெளியே விலகியோடச் செய்தார். போர்ஹேண்ட் பக்கத்திற்கு வேகமற்ற, தாழ்ந்த பந்துகளை அனுப்பினார். அவற்றைக் கானர்ஸே தம் வலிமையால் வலைக்கு மேல் எடுக்கவேண்டியதாயிற்று. பல பந்துகள் வலையில் விழுந்தன. அவர் வலையருகே வந்தால் தலைக்கு மேலே ஒரு லாப்.

6-1, 6-1 என முதலிரண்டு செட்டுகள் ஆஷுக்கு. மூன்றாவதைக் கானர்ஸ் 7-5 எனக் கைப்பற்றி, நான்காவதில் 3-0 என முந்தினார். உண்மையான சோதனை இங்கேதான். தவக்காலத்தில் விருப்பமான உணவை விடுவதினும் கடினம், நன்கு கைவந்த வீச்சை விட்டிருப்பது. ஆஷ் பழைய வழக்கத்திற்குத் திரும்பவில்லை. 6-4 என ஆட்டத்தை முடித்தார். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனும் வேகத்தை நம்பியவரல்லர். அவருடைய சர்வீஸ் மென்மையானது எனப் பலரும் குறை கூறியதுண்டு. அதே ரமேஷ் 1989-இல் ஆஸ்திரேலியப் போட்டியில், அன்று உலகின் முதல் நிலையிலிருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்டுகளில் வீழ்த்தினார்.

பயிலும் பிள்ளைகளுக்கு எளிய கணக்கொன்று உண்டு. வலையின் உயரம் நடுவில் 91 சென்டிமீட்டர். ஓரக் கம்பங்களில் 107. களத்தின் நேர்நீளம் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை 25 மீட்டருக்கு மேல். எனவே மூலைக்கு மூலை அடிக்கும் பந்து தாழ்ந்த வலையைக் கடக்கிறது. விழுவதற்கு இடமும் மிகுதி. நிலைதடுமாறி ஓடும்போது இதுவே காக்கும் வழி. கோட்டை ஒட்டிய நேர்வீச்சு, கால் ஊன்றி நிற்கையில் மட்டும். சீவும்போது மட்டையின் முகத்தைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, மணிக்கட்டைத் தளரவிடாது, மேலிருந்து முன்னோக்கி இறக்குக. பயிற்சியின்போது கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே கைக்குட்டையொன்றை விரித்து, அதையே குறியாகக் கொள்க. பத்துப் பந்துகளில் எத்தனை அருகே விழுந்தன என நாள்தோறும் குறித்து வைத்தல் நன்று.