இரண்டாவது விருப்பு வாக்கு: விருப்பமா, மாற்றுத் தெரிவா?

இலங்கையில் ‘விருப்பு வாக்கு’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறிக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடியிட்ட பின்னர், அதன் வேட்பாளர்களில் மூவர் வரை தெரிவு செய்கிறோம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி, மூன்றும் எண்ணப்படும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என இலக்கமிடுவது அப்படியானதல்ல. அங்கே 2 என்பது இன்னொரு வாக்கு அல்ல. 1 பயன்படாமற் போனால் மட்டும் எடுத்துப் பார்க்கப்படும் மாற்றுத் தெரிவு.

கடைக்கு ஆளனுப்பும்போது “சம்பா இல்லாட்டி நாட்டரிசி வாங்கி வாங்கோ” என்போமே, அதைப் போன்றது இது. சம்பா இருந்தால் நாட்டரிசிப் பேச்சே இல்லை.

சட்டம் சொல்வதும் இதைத்தான். செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதலிரு இடங்களில் உள்ளவர்கள் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த வாக்குச்சீட்டுகளில் மட்டும் 2 யாருக்கு என்று பார்க்கப்படும். எஞ்சிய இருவரில் ஒருவருக்கு என்றால் அவருக்குச் சேரும். இல்லையேல் 3 பார்க்கப்படும். முதலிருவருக்கு வாக்களித்தோரின் 2, 3 கணக்கில் வருவதே இல்லை.

1982 முதல் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தல்களில், 2024 செப்டெம்பரில்தான் இந்த ஏற்பாடு முதன்முறையாகத் தேவைப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். ஏனைய வேட்பாளர்களுக்குக் கிடைத்தவை 33 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 என மொத்தம் 273,131 வாக்குகளே சேர்ந்தன. பத்தில் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குக் கிடைத்த 226,343 வாக்குகளும் அந்த 33 இலட்சத்துக்குள் அடங்கும்.

‘இருவருமே வேண்டாம்’ என்று முடிவெடுத்து 2, 3 ஐ வெறுமையாக விடுவது வாக்காளரின் உரிமை. ஆனால் 2 இட்டால் 1 பலவீனமாகிவிடும் என்று எண்ணி விடுவது வேறு விடயம். அந்த அச்சத்துக்கு இடமில்லை. தனது வேட்பாளர் போட்டியில் இருக்கும் வரை 2 ஐ யாரும் எண்ணுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் சொல்லுக்கும் பங்குண்டு. ‘விருப்பு’ என்றதும் மனதுக்குப் பிடித்தவரைத் தேடுகிறோம். இரண்டாமவரைப் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. நமக்கு வேண்டியவர் இல்லையென்றான பின், எஞ்சியோரில் யார் பரவாயில்லை என்பதே கேள்வி. வாக்காளர் அறிவூட்டல்களில் அதை ‘மாற்றுத் தெரிவு’ என்றே சொன்னால், பாதி விளக்கம் சொல்லிலேயே கிடைத்துவிடும்.